இடது இறக்கைமேல் விழுந்த சந்தேகம்

அறுபதுகளின் தொடக்கத்தில், திண்டிவனத்தை அடுத்த பிரம்மதேசம் பக்கத்தில், தண்ணீர் வற்றிக் கிடந்த ஓர் ஏரிக்குள் இது நடந்தது. அப்போது எனக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. திண்டிவனம் பஸ் நிலையத்துக்குப் பின்னால் சின்னதாக ஒரு தையல் கடை வைத்திருந்தேன். நாலு பேர் கூடி நின்றால் எனக்குப் பேச்சு வராது. அளவெடுக்கும்போதுகூட ஆளின் முகத்தைப் பார்க்க மாட்டேன். அப்படிப்பட்டவனை ஒரு விமானத்தில் ஏற்றினார்கள், அதுவும் சந்தேகத்தின் பேரில் ஏற்றினார்கள் என்றால் என் பிள்ளைகளே நம்புவதில்லை.

பிரம்மதேசத்தில் சொந்த நிலத்தில் பயிர் செய்யும் குடும்பம் ஒன்று. அதில் மூத்தவர் பட்டாளத்தில் விமானம் பழுது பார்க்கும் வேலையில் இருந்தவர். விமானம் ஓட்டவும் கற்றிருந்தார். ஊரில் அவரை ஏர்போர்ஸ்காரர் என்பார்கள். வேலையை விட்டு வந்த பிறகு வெளிநாட்டிலிருந்து வரைபடம் வரவழைத்தார். சர்க்காருக்கு எழுதி அனுமதி வாங்கினார். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டை அடுக்கும் கொட்டகையிலேயே, ஒருவர் பின் ஒருவராக இரண்டு பேர் உட்காரும்படி ஒரு சின்ன விமானத்தைக் கட்ட ஆரம்பித்தார்.

மரச் சட்டம், அதன்மேல் துணி, அவ்வளவுதான் இறக்கை. துணியை உறைபோலத் தைத்து மாட்டி, சட்டத்தோடு சேர்த்துத் தைத்து, வார்னிஷ் மாதிரி ஒன்றைப் பூசினால் பறைத் தோலைப்போல விறைத்துக்கொள்ளும். அந்தத் தையலுக்குத்தான் என்னைக் கூப்பிட்டார். விழுப்புரம் ரயில் நிலையத்தில் வந்து இறங்கிய துணிக்கட்டை நானே போய் எடுத்து வந்தேன்.

ஊரில் ஆளுக்கொரு சந்தேகம். புதுச்சேரியிலிருந்து சரக்குக் கடத்தத்தான் இதைக் கட்டுகிறார் என்றார்கள். அடுத்தவன் கிணற்றில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று மேலேயிருந்து பார்க்க என்றும் சொன்னார்கள். ஏர்போர்ஸ்காரர் வீட்டுக்குள்ளேயே இன்னொரு சந்தேகம் இருந்தது. அவர்களுக்கும் ஒரு பங்காளிக்கும் வாய்க்கால் தகராறு. கோர்ட்டில் வழக்கு நடந்துகொண்டிருந்தது. வீட்டில் மாடு பால் குறைத்தாலும் பங்காளி வேலைதான் என்பார் ஏர்போர்ஸ்காரரின் தம்பி. வாட்டசாட்டமான ஆள், முன்கோபி. ஆனால் அண்ணன்மேல் உயிர்.

இதில் நான் எப்படி மாட்டினேன் என்றால், அந்தப் பங்காளியும் என் கடைக்குச் சட்டை தைக்க வருபவர். இடது இறக்கையின் கடைசித் துணியைத் தைத்து முடித்த அன்று சாயங்காலம் அவர் கடைக்கு வந்தார். வந்தவர் டீ வாங்கிக் கொடுத்தார். வேண்டாம் என்று சொல்ல வாய் வராமல் குடித்தேன். எதிரே சைக்கிளில் போன தம்பி அதைப் பார்த்துக்கொண்டே போனார்.

இறக்கையின் பின்னோரத்தில், விமானத்தின் உடம்பை ஒட்டி, இரண்டு பக்கமும் கதவுபோலக் கீல் வைத்த, துணி போர்த்திய பலகை ஒன்று உண்டு. அதற்கு ஃபிளாப் என்று பெயர். பஸ்ஸில் கை பிரேக் இருக்கிறதே, அதைப்போன்ற ஒரு கைப்பிடியை இழுத்தால் இரண்டும் சேர்ந்து கீழே மடங்கும். முதல் இழுப்புக்குக் கொஞ்சம், இரண்டாவது இழுப்புக்கு நிறைய. மடங்கினால் விமானம் வேகம் குறைந்து, சரிவாக இறங்கும். ஓடுதளம் வற்றிய அந்த ஏரிதான், அதில் இறங்குவதற்கு ஃபிளாப் அவசியம். கரை உயரம், கரைமேல் பனைமரம். அதைத் தாண்டிவிட்டு உடனே தரையைத் தொட வேண்டும்.

பங்குனி மாதம் ஏர்போர்ஸ்காரர் தனியாக ஏறிச் சில தடவை பறந்தார். பின் ஸீட்டில் கனத்துக்கு ஒரு மல்லாட்டை மூட்டை. ஊரே கரைமேல் நின்றது. பறப்பதெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஃபிளாப்பை இறக்கினால் மட்டும் விமானம் இடது பக்கம் சாய்கிறது என்றார். கடைசியாக இறங்கியபோது இடது இறக்கையின் நுனி தரையில் உரசிப் புழுதி கிளம்பியது. கரைமேல் பெண்கள் வாயில் கை வைத்துக்கொண்டார்கள்.

கொட்டகைக்குக் கொண்டுவந்து பார்த்தார். கைப்பிடியை இழுத்தால் இரண்டு ஃபிளாப்பும் ஒரே அளவு இறங்கின. என் இஞ்சு டேப்பை வாங்கி அளந்தார். நூல் பிசகவில்லை. கையால் ஆட்டினார். கெட்டியாக இருந்தது. தரையில் ஒரு குறையும் இல்லை, மேலே போனால் சாய்கிறது. அவர் டேப்பைச் சுருட்டி என்னிடம் கொடுத்தார். தம்பி என்னைப் பார்த்தார்.

இடது பக்கத் துணியில் என்ன வைத்தாய் என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். நம்பவில்லை. இடது ஃபிளாப்பின் தையலைப் பிரிக்கச் சொன்னார். என் கையாலேயே பிரித்தேன். உள்ளே மரமும் காற்றும்தான் இருந்தன. அதோடு விடுவார் என்று நினைத்தேன்.

"இப்ப ஒண்ணும் இல்ல. முன்னாடியே எடுத்துக்கினு இருப்ப," என்றார்.

திரும்பத் தைத்துக் கொடுத்துவிட்டுக் கடைக்கு வந்தேன். அதற்குள் பேச்சு எனக்கு முன்னால் வந்துவிட்டது. விமானத் தையலில் கை வைத்தவன் என்று தெருவில் பேசினார்கள். தைக்கக் கொடுத்த துணியை இரண்டு வீட்டுக்காரர்கள் திரும்ப வாங்கிக்கொண்டு போனார்கள். எனக்கும் புத்தி கெட்டுப்போனது. பங்காளி ஏன் டீ வாங்கிக் கொடுத்தார்? நான் சாப்பிடப் போனபோது கொட்டகைக்குள் யாராவது வந்தார்களா? ஏர்போர்ஸ்காரரே தான் செய்த தப்பை என் தலையில் கட்டப் பார்க்கிறாரா? ஒருவரையும் விடாமல் மனசுக்குள் விசாரித்தேன்.

முடிவில் நானே போய், அம்மன் கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்கிறேன் என்றேன். அதைச் சொல்லவே எனக்கு வியர்த்துவிட்டது. தம்பி சிரித்தார்.

"கற்பூரத்த எவன் வேணாலும் அணைப்பான். நீ தைச்ச ரெக்கையில நீயே ஏறிக் காட்டு. அதான் சத்தியம்."

அண்ணன் தடுப்பார் என்று பார்த்தேன். அவர் யோசித்துவிட்டு, சரி என்றார். அவருக்கு வேறு கணக்கு. முன் ஸீட்டில் இருப்பவர் எவ்வளவு திரும்பினாலும் ஃபிளாப் தெரியாது. பின் ஸீட்டில் உட்கார்ந்தால் இரண்டு பக்கமும் தெரியும். மூட்டைக்குக் கண் இல்லையே. "பயந்துக்காத டெய்லர். ரெண்டு பக்கமும் பாத்துக்கினு மட்டும் வா. என்னா தெரிஞ்சாலும் சொல்லு," என்றார்.

மறுநாள் காலை ஏறினேன். கரைமேல் திருவிழாக் கூட்டம். பங்காளியும் சற்றுத் தள்ளி ஒரு பனைமரத்தடியில் நின்றிருந்தார். பெல்ட்டைக் கட்டிவிட்டவர் தம்பிதான். இழுத்து இறுக்கிக் கட்டினார். மேலே எழும்பியது, ஊர் சின்னதாகிப்போனது, இதெல்லாம் எனக்குச் சரியாக நினைவில்லை. பாதி நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். திறந்து இரண்டு பக்கமும் பார்த்தபோது ஃபிளாப்புகள் இறக்கையோடு ஒட்டி ஒழுங்காக இருந்தன.

கரைக்கு நேராகத் திரும்பும் முன்பு அவர் கைப்பிடியை முதல் இழுப்பு இழுத்தார். வலது பக்கம் ஃபிளாப் மடங்கியது. இடது பக்கம் மடங்க ஆரம்பித்தது, பிறகு யாரோ கீழேயிருந்து உள்ளங்கையால் தூக்கிவிட்டதுபோல மெதுவாக மேலே வந்து இறக்கையோடு ஒட்டிக்கொண்டது. கைப்பிடி இழுத்தபடியே இருந்தது. விமானம் இடது பக்கம் சாய்ந்தது.

நான் பார்த்தேன். பார்த்தும் வாய் திறக்கவில்லை. கூச்சம் மட்டும் காரணமில்லை. இடது பக்கம்தான் கோளாறு என்று என் வாயாலேயே சொன்னால், நான்தான் பண்ணினேன் என்று ஒப்புக்கொள்வதுபோல ஆகிவிடாதா? தம்பி சொன்னது சரி என்று ஆகிவிடும். சொல்லாமல் இருந்தால் என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியாது. விமானம் வேகம் குறைந்து இறங்கத் தொடங்கியது. பனைமரங்கள் பெரிதாகிக்கொண்டு வந்தன. அவர் கை இரண்டாவது இழுப்புக்காகக் கைப்பிடிக்குப் போனது.

அந்தக் கையைப் பார்த்ததும் எங்கிருந்து தைரியம் வந்ததோ, முன்னால் சாய்ந்து அவர் தோளில் ஓங்கி ஓர் அடி அடித்தேன். என்ஜின் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவர் திரும்பினார். இரண்டு கையையும் நீட்டி, வலது கையை மடக்கிக் காட்டினேன், இடது கையை நேராக வைத்துக் காட்டினேன்.

அவருக்கு உடனே புரிந்தது. கைப்பிடியைக் கீழே தள்ளி ஃபிளாப்பைப் பழையபடி விட்டார். சாய்ந்த விமானம் நிமிர்ந்தது. என்ஜினை முடுக்கிப் பனைமரங்களுக்கு மேலே ஏறி, ஏரியைச் சுற்றிக்கொண்டு, கரை இல்லாத மேல்பக்கமாகத் தாழ்வாக வந்தார். ஃபிளாப் இல்லாததால் வேகம் குறையவில்லை. ஏரி முழுவதும் ஓடி, கரைச் சரிவில் மூக்கு இடிக்கும் அளவுக்குப் போய் நின்றோம்.

முதலில் ஓடி வந்தவர் தம்பி. இடது ஃபிளாப் தானாக மேலே ஏறியதை டெய்லர்தான் பார்த்துக் காட்டினான் என்று அண்ணன் அவரிடம் சொன்னார். நான் இறங்கக்கூட இல்லை.

"எந்தப் பக்கம்னு உனக்கு எப்படிடா தெரிஞ்சிது? நீ வெச்சதாலதான?"

கூட்டத்தில் சிலர் ஆமாம் என்பதுபோல முனகினார்கள். நான் பயந்தது அப்படியே நடந்தது. ஏர்போர்ஸ்காரர் தம்பியிடம் ஒன்றும் வாதாடவில்லை. கைப்பிடியை மறுபடி இழுத்து, அது அசையாமல் தன் கையில் பிடித்துக்கொண்டார். "நீ வலது பக்கத்துக் கீழ குனிஞ்சி, தோள் குடுத்துத் தூக்கு. பலங்கொண்டு தூக்கு," என்றார். தம்பி தூக்கினார். வலது ஃபிளாப் அசையவில்லை. பிறகு இடது பக்கம் போகச் சொன்னார். அங்கே தோள் கொடுத்ததும் ஃபிளாப் மெல்ல மெல்ல மேலே போனது. அண்ணன் கையிலிருந்த கைப்பிடி துளியும் நகரவில்லை. தம்பி தோளை எடுத்ததும் ஃபிளாப் பழைய இடத்துக்கு இறங்கி, ஒன்றுமே நடக்காததுபோல நின்றது.

ஸீட்டைக் கழற்றிக் காட்டினார். கைப்பிடி வலது பக்கத்தோடு நேராகச் சேர்ந்திருந்தது. இடது பக்கத்துக்கு உடம்பின் குறுக்கே ஓர் இரும்புக் குழாய் போகிறது. காற்றின் அழுத்தத்தில் அந்தக் குழாய் முறுக்கிக்கொள்கிறது. காற்று விட்டதும் நேராகிவிடுகிறது. தரையில் நின்று எத்தனை தடவை அளந்தாலும் தெரியாது.

"வரைபடத்துல சொன்ன கனத்துல குழாய் கெடைக்கல. கெடைச்சத போட்டேன். நான்தான் போட்டேன்," என்றார் எல்லோருக்கும் கேட்கும்படி.

கூட்டம் கலைந்தது. தம்பி என்னிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. சைக்கிளை எடுத்துவந்து, ஏறு, கடையில விட்டுட்றேன் என்றார். திண்டிவனம் நெருங்கும்போது, மிதிப்பதை நிறுத்தாமல், முன்னாலேயே பார்த்துக்கொண்டு, தாழ்ந்த குரலில் சொன்னார்:

"நீ தோள்ல அடிக்காம இருந்திருந்தா ரெண்டு பேரும் வுழுந்து செத்திருப்பீங்க. நான் நேரா போய் பங்காளிய வெட்டியிருப்பேன். வெட்டிட்டு, சரியாத்தான் செஞ்சேன்னு ஜெயில்ல நிம்மதியா தூங்கிக்கினு இருப்பேன்."

அவர் சட்டை முதுகெல்லாம் வியர்வையில் நனைந்து ஒட்டியிருந்தது. அது வெயிலில் சைக்கிள் மிதித்த வியர்வை மட்டும்தானா என்று எனக்குத் தெரியவில்லை.

குழாயை மாற்றிய பிறகு அந்த விமானம் சாயாமல் பறந்தது. நான் மறுபடி ஏறவில்லை. திரும்பிப்போன துணிகளில் சில மெதுவாகக் கடைக்கு வந்தன, சில வரவேயில்லை. எனக்கும் இப்போது வயதாகிவிட்டது. யார்மேலாவது சந்தேகம் வந்து, அது அவன்தான் என்று மனசு அடித்துச் சொல்லும்போதெல்லாம், வெட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன் என்ற அந்தத் தாழ்ந்த குரல்தான் எனக்குக் கேட்கிறது, அத்தனை உறுதியாக இருக்க எனக்குப் பயமாக இருக்கிறது.