புதுப் பெயிண்டைச் சுரண்டியவர்

எங்கள் ஏரியா ஆடுகோடியில் கார் எலெக்ட்ரிக் வேலை பார்க்கும் அந்த அம்மா, புடவைக்கு மேல் காக்கிச் சட்டை போட்டிருப்பார். கையில் எப்போதும், கரண்ட் வருகிறதா என்று பார்க்கும் டெஸ்ட் லாம்ப்.

என் பழைய காரில் பேட்டரிக்குச் சார்ஜ் ஏறவில்லை. "சார்ஜ் ஏத்துற ஆல்டர்னேட்டர மாத்தணுமாம். மூணு மெக்கானிக் சொல்லிட்டாங்க" என்றேன்.

"அப்ப அவங்களையே மாத்தச் சொல்லுங்க. என் லாம்ப் சொல்லாம நான் எதையும் மாத்த மாட்டேன்."

அங்கங்கே லாம்பை வைத்துப் பார்த்தவர், பேட்டரியிலிருந்து காரின் தகரத்துக்குப் போகும் எர்த் ஒயரைக் கழற்றி, அடியிலிருந்த பெயிண்டைச் சுரண்டினார். போன மாதம்தான் ஆசையாக அடித்தது. பதறினேன்.

"பெயிண்ட் மேல ஒயர முடுக்கினா கரண்ட் எப்படி சார் போவும்? தகரம் தெரியணும்!"

மறுபடி மாட்டி ஸ்டார்ட் செய்தார். மங்கிக் கிடந்த ஹெட்லைட் பளிச்சென்று எரிந்தது.

போன மாதம் பெயிண்ட் அடித்த கடைக்காரர் பிறகு சுரண்டிய அந்த இடத்தைப் பூசித் தருவதாகச் சொன்னார்.

"தொடாதீங்க! தகரம் தெரியணும்" என்றேன், அந்த அம்மாவின் அதட்டலோடு.