சரிவில் இறங்கிய சிலுவை

கணினியில் எந்த ரயில் பாதையைச் செய்வது என்று ஒரு மாதம் யோசித்துவிட்டு, எலாதியோ கடைசியில் எங்கள் ஊர்ப் பாதையையே தேர்ந்தெடுத்தான். அதைக் கேட்டு எங்கள் மலையூரான சாந்தா உர்சுலாவில் சிரிக்காதவர்கள் இல்லை.

"வாசல்ல நெசமான ரயில் போகுது. நீ கதவச் சாத்திட்டு டப்பாக்குள்ள ரயில் ஓட்டுற. டிக்கெட் காசு மிச்சம், வேறென்ன கண்ட?" என்றார் நெப்தலி. அந்த நெசமான ரயிலை ஓட்டுபவரே அவர்தான். எலாதியோவின் மகளுக்கு ஞானத்தந்தை வேறு. அதனால் இருவரும் ஒருவரையொருவர் 'கொம்பாத்ரே' என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். கேலிக்கு அளவே கிடையாது.

எலாதியோவுக்குப் பத்து வயதானபோது ஒரு பெருமழையில் பாதை அடித்துக்கொண்டு போய் ரயில் நின்றுவிட்டது. ஊரில் பாதிப்பேரைப் போல அவனும் வளர்ந்ததும் கடற்கரைக்குப் பிழைக்கப் போனான். குவயாகில் துறைமுகத்தில் வாழைப்பெட்டி அடுக்கும் வேலை. ஒருநாள் பெட்டி அடுக்கு சரிந்து வலது பாதத்தை நசுக்கியது. அந்தக் காலோடு படுத்திருந்தபோதுதான் கணினி பழுதுபார்க்கக் கற்றுக்கொண்டான். மலைக்குத் திரும்பி, ஸ்டேஷனுக்கு எதிரே கடை போட்டான். சில வருடங்களில் சுற்றுலாப் பயணிகளுக்காக ரயிலை மறுபடி ஓட விட்டார்கள். அவன் மனைவி ரோசாவுராவுக்கு அதில் பணிப்பெண் வேலை கிடைத்தது. கடை கடனில் ஓடியது. வீடு ரோசாவுராவின் சீருடையில் ஓடியது.

கடையில் ஆள் இல்லாத நேரங்களில் அவன் சிமுலேட்டர் முன்னால் உட்கார்ந்துகொள்வான். திரையில் ரயில் ஓட்டலாம். ஆனால் ஓட்டுவதற்குப் பாதை வேண்டுமே? அவனைப் போன்றவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். உண்மையான ஒரு பாதையை எடுத்துக்கொண்டு, தண்டவாளம், பாலம், மரம், மலை என்று ஒவ்வொன்றாகக் கணினியில் நட்டு, ஒருவருக்கொருவர் சும்மா கொடுத்துக்கொள்வார்கள். சிலே நாட்டில் இருந்த மதீயாஸ் அவனுடைய கூட்டாளி. இருவரும் நேரில் பார்த்ததே இல்லை.

"வாழைத்தோட்டப் பாதைய எடுத்துக்கோயேன்," என்றாள் ரோசாவுரா. "ஒரு வாழை மரம் செஞ்சு அதையே ஆயிரம் தடவ நட்டாப் போதும். நீ வீட்டு வேலைக்கும் ஆவ."

"அது தட்டையா இருக்கும். பார்க்க அழகு வேணும்ல?"

"அழகுக்கு என்னைப் பாரு."

"உன்னைப் பார்த்துத்தான் நம்ம பாதைய எடுத்தேன். தெனமும் போற வர்ற. கடைசிப் பெட்டி ஜன்னல்லருந்து எனக்குப் படம் புடிச்சுட்டு வருவேல்ல?"

அவள் முணுமுணுத்துக்கொண்டே சம்மதித்தாள்.

பாதையின் அழகெல்லாம் 'ஆத்மாக்கள் வளைவு' என்ற இடத்தில்தான். ஒரு பக்கம் அதலபாதாளம், மறுபக்கம் செங்குத்தான புல் சரிவு. வளைவு முடியும் இடத்தில் கருங்கல்லைக் குடைந்த சுரங்கம். சரிவின் நடுவே வெள்ளையடித்த ஒரு மரச்சிலுவை, பாதை போடும்போது செத்தவர்களுக்காக நட்டது. அதைக் கடக்கும்போது ஓட்டுநர் ஒருமுறை நீளமாக ஊதுவார். அந்த ஊதல் ஊர் வரைக்கும் கேட்கும். அதைக் கேட்டுத்தான் பல வீடுகளில் மதியத்துக்குச் சோளத்தை வேகப்போடுவார்கள்.

பிப்ரவரியில் எலாதியோ அந்த வளைவைச் செய்து முடித்தான். ரோசாவுரா பிடித்து வந்த படத்தைத் திரையில் தன் மலையின் மேல் பொருத்திப் பார்த்தான். சுரங்க வாய், சிலுவை, யூகலிப்டஸ் கூட்டம், மாடுகளுக்கான தண்ணீர்த் தொட்டி எல்லாம் அச்சாகப் பொருந்தின. மே மாதம் பெட்டிகளுக்கு நிழல் சேர்ப்பதற்காகப் புதிய படம் ஒன்றை வைத்துப் பார்த்தான். சுரங்க வாய் பொருந்தியது. சிலுவை பொருந்தவில்லை. நிஜச் சிலுவை, தான் நட்டதைவிடக் கீழே இருந்தது.

பாதை செய்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. மலையும் கணினியும் ஒத்துப்போகாவிட்டால் தப்பு கணினியில்தான். மலை எங்கே தப்பு செய்யப் போகிறது? எலாதியோ தன்னையே திட்டிக்கொண்டு சிலுவையைக் கீழே இறக்கினான். மரங்களும் தொட்டியும் ஒத்துவராததால் அவற்றையும் இறக்கினான். ஆகஸ்டில் மறுபடி பொருந்தவில்லை. ரோசாவுராவின் போனில் குறை என்று நினைத்தான். வேறு போன் வாங்கிக் கொடுத்தான். மறுபடி இறக்கினான்.

"உன் பாதைல மலை நடக்குதேப்பா," என்று மதீயாஸ் போனில் சிரித்தான். "சுரங்கத்த மட்டும் எப்படிச் சரியா வெச்ச?"

எலாதியோவும் சிரித்தான்.

அக்டோபர் கடைசியில், இறந்தோர் திருநாளுக்கு முன்னால், ஊர் ஆண்கள் சிலுவைக்கு வெள்ளையடிக்கப் போவது வழக்கம். அந்த வருடம் எலாதியோவும் தன் நொண்டிக் காலோடு ஏறினான். சிலுவையைப் பக்கத்தில் இருந்து படம் எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

சிலுவை பாதையை நோக்கிக் குனிந்திருந்தது. யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. இரண்டு பேர் அடியில் தோண்ட, நெப்தலி தோள் கொடுத்து நிமிர்த்தினார். கற்களைத் திணித்து இறுக்கினார்கள். பிறகு வெள்ளையடித்தார்கள்.

"எப்பவும் சாயுமா?" என்று எலாதியோ கேட்டான்.

"வருஷா வருஷம். செத்தவங்களுக்கு ரயிலப் பார்க்க ஆசை. எட்டிப் பார்க்கறாங்க," என்றார் நெப்தலி. "இந்த வருஷம் ஆசை கொஞ்சம் ஜாஸ்தி."

எல்லோரும் சிரித்தார்கள். எலாதியோ தண்ணீர் குடிக்க மேலே தொட்டிப் பக்கம் போனான். தொட்டிக்குப் பின்னால் புல்லில் ஒரு வெடிப்பு ஓடியது. மாடு கால் விடாமல் இருக்க யாரோ அதன்மேல் பலகை போட்டிருந்தார்கள். அவன் ஒரு கல்லை உள்ளே போட்டான். கல் விழுந்த சத்தம் உடனே கேட்கவில்லை. கேட்டபோது தண்ணீரின் சத்தம் அது.

கடைக்கு வந்து கதவைச் சாத்தினான். ஒவ்வொரு திருத்தத்துக்கு முன்பும் பழைய பிரதியைச் சேமித்து வைப்பது அவன் வழக்கம். எல்லாவற்றையும் திறந்து, அன்று எடுத்த படத்தை வைத்துப் புதிதாக ஒன்றும் செய்து, பிப்ரவரி, மே, ஆகஸ்ட், அக்டோபர் என்று வரிசையாக ஓட விட்டான். சுரங்க வாய் அசையாமல் நின்றது. சிலுவையும் மரங்களும் தொட்டியும் கைகோத்துக்கொண்டு பாதையை நோக்கி இறங்கின. ஒவ்வொரு முறையும் முன்னைவிட அதிகமாக இறங்கின. இத்தனை மாதமும் மலை சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. அவன் அதைத் தன் பிழை என்று திருத்திக்கொண்டே இருந்திருக்கிறான்.

துறைமுகத்தில் பெட்டி அடுக்கு சரிந்த நாள் அவனுக்கு நினைவு வந்தது. அதுவும் திடீரென்று விழவில்லை. முதலில் மெல்லச் சாய்ந்தது. அவர்கள் மேல் பெட்டியை மட்டும் நேராகத் தள்ளி வைத்துவிட்டு வேலையைப் பார்த்தார்கள்.

நிலைய மேலாளர் அவன் சொன்னதைக் கேலி செய்யவில்லை. படங்களைத் தலைநகருக்கு அனுப்பினார். "பொறியாளருங்க வருவாங்க. மழை விடட்டும்," என்றார். "திருநாளுக்கு எல்லா டிக்கெட்டும் வித்தாச்சு, எலாதியோ. நான் நிறுத்தினா என்னை நிறுத்திடுவாங்க."

அன்று ரோசாவுரா மாவு பிசைந்துகொண்டிருந்தாள். திருநாளுக்காகக் குழந்தை வடிவ ரொட்டிகள். அதே திருநாளுக்கான ஊதாச் சோளக் கஞ்சி அடுப்பில் கொதித்தது.

"நீ அந்த ரயில்ல ஏறாத," என்றான்.

"நான் ஏறலைன்னா அந்தச் சீருடைய மாட்டிக்க இந்தத் தெருவுலயே நாலு பொண்ணுங்க இருக்கு. அவளுங்க மேல மட்டும் மலை விழலாமா?"

அவன் கரண்டியை எடுத்துக் கஞ்சியைக் கிளறினான்.

"நீ சொல்றத நான் நம்பலைன்னு நெனைக்காத," என்று அவள் மாவுக் கையோடு திரும்பினாள். "நம்பறேன். அதான் பயமா இருக்கு."

மறுநாள் காலையில் நெப்தலியைக் கையைப் பிடித்து இழுத்து வந்து சிமுலேட்டர் முன்னால் உட்கார வைத்தான்.

"அடேய், ஒரிஜினல ஓட்டறவனுக்கு நகல் எதுக்கு?" என்றபடி அவர் ஓட்டினார். முதல் தடவை பிப்ரவரி வளைவு. சிலுவை வந்ததும் அவர் கை தானாகவே ஊதலைத் தேடியது. அழுத்தி ஊதிவிட்டுச் சிரித்தார். மே மாத வளைவில் ஊதினார், சிரிக்கவில்லை. அக்டோபர் வளைவில் கை ஊதலின் மேல் அப்படியே நின்றுவிட்டது. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"கொம்பாத்ரே, இது உன் டப்பா பண்ற சேட்டை இல்லையே?"

"சுரங்க வாயப் பாருங்க. அது அசையவே இல்ல."

திருநாளன்று நெப்தலி வளைவுக்கு முன்னாலேயே ரயிலை நிறுத்தினார். பிரேக்கில் காற்று இறங்குகிறது என்று சொல்லி, பின்னோக்கியே ஊருக்கு ஓட்டி வந்தார். பயணிகள் கத்தினார்கள். ரோசாவுரா எல்லோருக்கும் கஞ்சி ஊற்றிக் கொடுத்துச் சமாளித்தாள். மேலாளர் கேட்டபோது நெப்தலி பொய் சொல்லாமல் விஷயத்தைச் சொன்னார். அன்று மாலையே அவரை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ரயிலுக்குக் கடற்கரையிலிருந்து புது ஓட்டுநர் வருவார் என்றார்கள்.

மழை விடவேயில்லை.

ஞாயிறு காலை ரோசாவுரா சீருடையை மாட்டினாள். ரொட்டிக் கூடையைத் தூக்கிக்கொண்டாள். எலாதியோ பின்னாலேயே நொண்டிக்கொண்டு போனான். பிளாட்பாரத்தில் அவள் பெட்டி பெட்டியாக ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றான். வரவேற்புச் சொல்வதற்குப் பதிலாக அவள் வேறு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு வயதான தம்பதி இறங்கினார்கள். கைக்குழந்தையோடு ஒரு பெண் இறங்கினாள். மற்றவர்கள் சிரித்தார்கள். ஒருவன் போனை நீட்டி, "அக்கா, மலை விழற எடம் வந்ததும் சொல்லுங்க, படம் புடிக்கணும்," என்றான்.

மேலாளர் ஓடி வந்தார். அவர் முகம் வெளுத்திருந்தது. "ரோசாவுரா, ஒண்ணு ஏறு. இல்ல இறங்கு. வாசல்ல நின்னு பேசாத."

அவள் கணவனைப் பார்த்தாள். அவன் சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லியாகிவிட்டது. அவள் கடைசிப் பெட்டியின் படியில் ஒரு கால், பிளாட்பாரத்தில் ஒரு கால் என்று நின்றாள். பிறகு இறங்கினாள். நெஞ்சில் குத்தியிருந்த பெயர் அட்டையைக் கழற்றி மேலாளரின் கையில் வைத்தாள்.

ரயில் கிளம்பியது. மழையில் அதன் பின்விளக்கு சிறிது தூரம் வரை தெரிந்தது.

யாரும் வீட்டுக்குப் போகவில்லை. வளைவுக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று ஊரில் எல்லோருக்கும் உடம்பிலேயே தெரியும். எலாதியோ தன் நசுங்கிய பாதத்தை மற்றதன் மேல் வைத்துக்கொண்டு நின்றான். ரோசாவுராவின் கூடைக்குள் ரொட்டிகள் நனைந்துகொண்டிருந்தன. ஊதல் கேட்க வேண்டிய நேரம் வந்தது.

கேட்கவில்லை.

"புது ஆளு," என்றார் மேலாளர், யாரையும் பார்க்காமல். "சிலுவைக்கு ஊதணும்னு அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க."

வேலிக்கு அந்தப் பக்கம் நெப்தலி நின்றுகொண்டிருந்தார். தொப்பி கையில் இருந்தது.

"நான் சொன்னேன்," என்றார். "நேத்து அவர் தங்கியிருக்கற எடத்துக்கே போயிச் சொன்னேன். கண்டிப்பா ஊதறேன்னாரு."

ரோசாவுரா கூடையைக் கீழே வைத்தாள். தண்டவாளத்தில் இறங்கி, மழைக்குள் நடக்கத் தொடங்கினாள். எலாதியோ அவள் பின்னால் இறங்கினான்.