பச்சைப் பூவின் மேல் ஒரு திருட்டுக் குற்றம்

"நோட்டுப் புத்தகத்துடன் உடனே வரவும். என் வீட்டில் திருட்டு."

போன மாதம் எனக்கு வந்த தபால் கார்டு இது. எழுதியவர் கிழக்கேகோட்டை வக்கீல் நண்பர். அடுத்த தெருவிலிருந்து கார்டு! கோபம் வந்தால் அவர் எதையும் எழுத்தில்தான் வைப்பார்.

போனேன். கொல்லையில், ஓலைக் கொட்டகைக்குள் அவருடைய ஆர்க்கிட் செடி. விதுரா மலைப் பக்கத்து எஸ்டேட் துரை ஒருவர் கொடுத்தது. பூர்வீகம் தென் அமெரிக்கக் காடு. போன வருஷம் தவிட்டு நிறத்தில், புள்ளி போட்ட பூ பூத்தது. இப்போது? தடித்த பச்சைப் பூ — கவிழ்த்த குல்லாய் மாதிரி.

"பாத்தீரா ஓய்? நல்ல செடியை வித்துட்டு எதையோ கொண்டுவந்து நட்டு வச்சிருக்கான்!"

"அய்யோ, ஞான் மாத்தலே சாமி. செடி அதுதான். பூதான் வேற" என்றான் தோட்டக்காரன் செல்லப்பன்.

"மாமரத்திலே பலா காய்க்குமோடா? நாளையிலேருந்து வர வேண்டாம்!"

பல வருஷத்து வேலை... ஒரு பூவால் போகிறது.

ஊர் விஷயங்களை நான் அன்றன்று குறித்துவைக்கும் நோட்டைப் புரட்டினேன். மேட மாதக் குறிப்பு, அதாவது நம் சித்திரை: "வக்கீல் மகள் கல்யாணம். பந்தலுக்கு ஓலை போதவில்லை. செடிக் கொட்டகையின் கூரையைப் பிரிக்கச் சொன்னார். ஆர்க்கிட் முழு வெயிலில்." கூரை மறுபடி ஏறியது, வைகாசி நடுவில் இடவப்பாதி மழை பிடித்த பிறகுதான்.

இந்த ஜாதி ஆர்க்கிட்டில் ஒரே செடியிலேயே ஆண் பூ வேறு, பெண் பூ வேறு என்று படித்திருக்கிறேன். முகச்சாயலே ஒட்டாது. முன்பு தாவர நிபுணர்களே இரண்டையும் தனித்தனிச் செடி என்று நினைத்துத் தனித்தனிப் பெயர் வைத்தார்களாம். வக்கீல் எம்மாத்திரம்? அவரிடம் இதைச் சொன்னேன்.

"புஸ்தகம் சாட்சி ஆகாது ஓய்" என்றார்.

செல்லப்பன் செடியின் அடியைக் காட்டினான். புதிதாக ஒரு பூந்தண்டு, மொட்டோடு. "இது விரியட்டும். அதுவரை பொறுக்கணும், சாமி."

வக்கீல் யோசித்தார். "சரி, வாய்தா."

சென்ற வாரம் மொட்டு விரிந்தது. நிழலில் வளர்ந்த தண்டு. வாடிய பச்சைப் பூவுக்குப் பக்கத்தில், அதே செடியில் — பழைய புள்ளிப் பூ!

வக்கீல் குனிந்து விரலால் தொட்டார். டக்! ஆண் பூ மகரந்தக் கட்டியை விசிறி எறிந்தது. அவர் மூக்குக்கண்ணாடியில் மஞ்சளாக ஒட்டிக்கொண்டது.

"சாட்சி சொல்லியாச்சே, சாமி!" என்றான் செல்லப்பன்.

வெயில்தான் அந்தப் பச்சைப் பெண் பூவை வரவழைத்தது என்பது என் ஊகம். அடுத்த மேடத்தில் கூரையைப் பிரித்துப் பார்க்கலாம்.

செல்லப்பன் வேலையில் இருக்கிறான். அவனிடம் வருத்தம் தெரிவித்துவிட்டதாக வக்கீல் சொல்கிறார். எல்லாவற்றையும் எழுத்தில் வைக்கிறவர்... இதை மட்டும் வாயால் சொன்னாராம். செல்லப்பனை விசாரித்தேன். சிரித்தான்.

ஆகவே, இந்தத் தகவல் இன்னும் சரிபார்க்கப்படவில்லை.