அமெரிக்கா போகாத வினோதினி

என் அண்ணன் தங்கராசுவுக்கு எதிலும் அவசரம். மகள் வினோதினியை அவள் வேலை பார்க்கும் சென்னைக் கம்பெனி அமெரிக்காவுக்கு அனுப்பப் போகிறது என்று காதில் விழுந்ததுதான் தாமதம், முதுநகர் கடைத்தெரு முனையில் பெரிய பிளக்ஸ் கட்டிவிட்டார். 'அமெரிக்கா செல்லும் எங்கள் குலவிளக்கு வினோதினியை வாழ்த்தி வழியனுப்புகிறோம்.' நடுவில் வினோதினி கோட்டு போட்டுக்கொண்டு நின்றாள். மூலையில் அண்ணன் கும்பிட்டபடி. அவருக்குக் கீழே, என்னைக் கேட்காமலே, என் படம்.

"பிள்ள பொறக்குறதுக்கு முன்னாடியே பேர் வெச்சானாம். இன்னும் விசாவே வரலியே அண்ணே," என்றேன்.

"நீ இட்லியப் பாரு மலரு," என்றார். ஸ்டேஷன் பக்கம் இட்லிக் கடை வைத்திருக்கிறவளுக்கு உலகம் தெரியாது என்பது அவர் எண்ணம்.

அது 2010. ஆகஸ்டு மாதம் வினோதினி ஊருக்கு வந்தாள். பையைக்கூட இறக்காமல் சொன்னாள்: "போகல அத்த. விசாவுக்கு ஃபீஸை ஏத்திட்டாங்க."

எல்லாருக்கும் இல்லையாம். அங்கே வைத்திருக்கும் ஆட்களில் பாதிக்கு மேல் விசாவில் வந்தவர்களாக இருக்கிற கம்பெனிகளுக்கு மட்டும். அவள் கம்பெனி அப்படிப்பட்டதுதான்.

"எதுக்குடி ஏத்துனாங்க?"

"அமெரிக்காவுல எல்லைக் காவலுக்குப் பணம் வேணுமாம். அதோட, அவுங்க ஊரு ஆளுங்க வேலை போயிடக் கூடாதுன்னும் சொல்றாங்க. ஆள அனுப்புனா செலவு ஜாஸ்தி. அதனால ஆளு வேணாம், வேலையவே இங்க கொண்டாந்துடலாம்னு எங்க கம்பெனியில முடிவு பண்ணிட்டாங்க."

"அப்ப அங்க அந்த வேலைய யாரு பாத்துக்கிட்டிருக்கா?"

"டோனான்னு ஒரு அம்மா. நான் போயிருந்தா அவுங்க பக்கத்துல உக்காந்து வேலை பாத்திருப்பேன். இப்ப அவுங்க வேலை மொத்தமா இங்க வருது."

எனக்குப் புரிய நேரமாயிற்று. புரிந்ததும் மலைத்துப்போனேன். யாருடைய வேலையைக் காப்பாற்றவென்று கதவைச் சாத்தினார்களோ, அவளுடைய வேலையே கடல் தாண்டி வருகிறது. இதற்குப் படித்தவர்கள் கூடி உட்கார்ந்து சட்டம் போட்டார்களாம். வாயில் வந்ததை எல்லாம் சொல்லித் திட்டினேன். அண்ணன் போய்ப் பிளக்ஸை அவிழ்த்து மடித்துப் பரண்மேல் போட்டார்.

சென்னையில் வாடகை கட்டாது என்று கம்பெனிக்காரர்கள் சிதம்பரம் தெற்கு வீதியில், ஒரு பாத்திரக் கடைக்கு மேலே மாடி பிடித்தார்கள். வினோதினிதான் பொறுப்பு. காட்டுமன்னார்கோயில், பரங்கிப்பேட்டைப் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் சேர்ந்தார்கள். படித்துவிட்டு வீட்டில் சும்மா கிடந்தவர்கள். ஒருநாள் நானும் போய்ப் பார்த்தேன். கீழே எவர்சில்வர் குடத்தைத் தட்டிப் பார்த்து விலை பேசுகிறார்கள். மேலே அமெரிக்காவில் யாரோ ஒருவரின் இருதய ஆபரேஷனுக்கு இன்சூரன்ஸ் பணம் போகிறது. அந்தப் பணத்தை அனுப்புகிற கம்ப்யூட்டர் புரோகிராம் எங்கேயாவது மாட்டிக்கொண்டால் எடுத்துவிடுவது இந்தப் பிள்ளைகள் வேலை. வாய் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றேன்.

சாயங்காலமானால் டோனா போனில் வருவாள். வேலை போகப்போகிறவளே அந்த வேலையைச் சொல்லிக்கொடுக்க வேண்டுமாம். சுள்ளென்று பேசுவாளாம், ஆனால் ஒன்றையும் ஒளிக்க மாட்டாளாம். எல்லாம் சொல்லி முடித்ததும் அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அன்று வினோதினி சோறு வேண்டாம் என்று படுத்துக்கொண்டாள்.

அடுத்த வருஷக் கடைசியில் 'தானே' என்று பேர் வைத்த புயல் அடித்தது. விடிவதற்குள் அண்ணன் வீட்டு ஓடெல்லாம் பறந்துவிட்டது. பரண்மேல் கிடந்த பிளக்ஸை எடுத்துக் கூரைமேல் இழுத்துக் கட்டினோம். மழையில் குலவிளக்கு வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தது. கரண்ட் இல்லை, டவர் இல்லை, ரோடெல்லாம் மரம். மாடி ஆபீஸும் இருண்டுபோயிற்று.

மரங்களை வெட்டி வழி விட்டதும் வினோதினி சிதம்பரம் கிளம்பினாள். அங்கே பிள்ளைகளுக்குச் சாப்பாடு கிடைக்குமோ என்னவோ என்று நானும் ஒரு தூக்கு இட்லியோடு கூடப் போனேன். சிதம்பரத்தில் அன்றுதான் கரண்ட் வந்திருந்தது. சென்னை மேனேஜருக்குப் போன் போட்டவள் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டாள்.

"வேலை நின்னு போச்சுன்னு டோனாவைத் திரும்பக் கூப்புட்டுட்டாங்களாம் அத்த. இத்தினி நாளும் அவுங்கதான் பாத்திருக்காங்க. நம்ம வேலை எப்படி இருந்துச்சுன்னு அவுங்களையே கேக்கப் போறாங்களாம். அவுங்க சொல்றத வெச்சுத்தான் இந்த ஆபீஸு இருக்குமா இருக்காதான்னு முடிவாம்."

பிள்ளைகள் முகம் செத்துப்போயிற்று. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எரியிற வூட்டுல புடுங்குனது லாபம்னு நிப்பாளே! சரியில்லன்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும், அவ வேலை அவளுக்கு."

சாயங்காலம் டோனாவே கூப்பிட்டாள். வினோதினி ஸ்பீக்கரில் போட்டாள். முதலில் வீடு நிற்கிறதா என்று கேட்டாளாம். வினோதினி அதை விட்டுவிட்டாள். எங்கள் வேலையைப் பற்றி என்ன சொன்னீர்கள் என்று கேட்டாள். டோனா பேசப் பேச வினோதினிக்குக் கண் நிறைந்துவிட்டது.

"'பசங்க நான் வெச்சிருந்ததவிட சுத்தமா வெச்சிருக்காங்க'ன்னு சொல்லிட்டாங்களாம் அத்த. பொய் சொல்லலாமான்னு ஒரு ராத்திரி பூரா யோசிச்சாங்களாம். வாய் வரலியாம்."

நான் தூக்கை அப்படியே கீழே வைத்தேன். ஒரே ஒரு பொய். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

டோனா மறுபடியும் வீட்டைக் கேட்டாள். செல்போனில் எடுத்துவைத்திருந்த கூரைப் படத்தை வினோதினி அனுப்பினாள். கூரைமேல் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள் அவள். 'வினோதினி அமெரிக்கா போகிறாள்' என்று எழுதியிருக்கிறது என்றாள் இவள்.

அதற்கு டோனா சொன்னதை வினோதினி மெதுவாக எனக்குச் சொன்னாள்:

"'நீ வந்திருந்தா எனக்குப் பக்கத்துல இருந்திருப்ப. என் நாற்காலியில நானும் இருந்திருப்பேன்'ங்கறாங்க."

டோனாவைத் திட்டிய வாய் எனக்குக் கசந்தது.

"அந்தம்மா சாப்புட்டாங்களான்னு கேளுடி," என்றேன்.

வினோதினி கேட்டாள். பதிலைக் கேட்டுவிட்டு, என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"வேலைய மறுபடியும் நம்மகிட்டயே ஒப்படைச்சாச்சாம் அத்த. இனிமே வூட்டுக்குப் போயித்தான் சாப்புடணுமாம்."