மாமி கொடுத்த இரத்தம்

எங்கள் கடலோர ஊரான கீரியில் என் அண்ணனைப் போலக் கடல் தெரிந்தவர்கள் குறைவு. ஆனால் இளவயதிலேயே, பொழுது சாய்ந்தால் வலையின் மிதப்புகள் அவருக்குத் தெரியாமல் போயின. பிறகு பகலிலும் பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கி வந்தது. அம்மா வயிற்றில் பிள்ளையோடு கிரகணம் பார்த்ததால்தான் இப்படி என்று அப்பாவின் தங்கை, எங்கள் மாமி, சொல்லிவிட்டார். அம்மா அதை நம்பினார்.

பரம்பரையாக வரும் பார்வையிழப்பை ஆராய்கிற டொக்டர் ஒருவர் கொழும்பிலிருந்து வந்தார். எங்கள் மாவட்டத்திலேயே முசலிப் பக்கத்து முஸ்லிம் பெண். எங்கள் பேச்சே அவர் பேச்சு. விழித்திரையில் ஒளியை வாங்கும் நுண்ணிய உயிர்க்கலங்கள் உண்டு, மங்கல் வெளிச்சத்தில் உதவுபவை முதலில் சாகின்றன என்று விளக்கி, ஆய்வுக்கு இரத்தம் கேட்டார்.

“இரத்தம் தந்தால் எனக்குப் பார்வை வருமோ?” என்று அண்ணன் கேட்டார்.

“இல்லை. பொய் சொல்ல மாட்டன். இனிப் பிறக்கிற பிள்ளையளுக்கு உதவலாம்.”

அண்ணன் அப்போதே சட்டைக் கையை மடித்துவிட்டார். இருவரில் யாரை மெச்சுவது என்று எனக்குத் தெரியவில்லை.

அம்மாவும் கொடுத்தார். அப்பா உயிரோடில்லை, அவர் பக்கத்தை அறிய மாமியின் இரத்தம் வேண்டியிருந்தது. அண்ணன் என் தோளைப் பிடித்தபடி மாமியின் ஊரான வெள்ளாங்குளத்துக்கு பஸ் ஏறினார்.

“எங்கட பரம்பரையில ஒரு குறையும் இல்லை. என்ர பெட்டைக்குக் கலியாணம் பேசுறம், தெரியுமோ?” மாமி வாசலிலேயே சொன்னார்.

“பேர் வெளியில போகாது மாமி. ஆரையும் குறை சொல்ல வரேல்லை. உங்கட பேரப்பிள்ளையளுக்கு இது வரக்கூடாது எண்டுதான் வந்தனான்” என்றார் அண்ணன்.

மாமி வாசலை விட்டு விலகி நின்றார். பிறகு, “உள்ள வாங்கோ, சாப்பிட்டுட்டுப் போகலாம்” என்றார். டொக்டர் அடுத்த முறை வந்தபோது மாமி தானாகவே எங்கள் வீட்டுக்கு வந்து கையை நீட்டினார்.

பரிசோதனை முடிவு வர மாதங்கள் பல ஆயின. டொக்டர் அதைத் தொலைபேசியில் சொல்லாமல் வீட்டுக்கே வந்தார். மாமியும் வந்திருந்தார். எல்லார் முன்னாலும் சொல்லலாமா என்று டொக்டர் கேட்டபோது, “சொல்லுங்கோ” என்றார் மாமி.

“அம்மா, மரபணுவில ஒரு பிழை உங்களிட்டயிருந்து வந்தது, மற்றது ஐயாட பக்கத்தால வந்தது. ரெண்டும் சேர்ந்ததாலதான் மகனுக்கு இது. கிரகணத்துக்கும் இதுக்கும் ஒரு தொடர்பும் இல்லை.”

அம்மா முந்தானையால் முகத்தை மூடி அழுதார். மாமி கதிரையை இழுத்து அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். “மச்சாள், நான்தான் அப்பிடிச் சொன்னனான்” என்று அவர் கையைப் பிடித்தார்.

அண்ணனின் பார்வை திரும்பவில்லை. இப்போது வெளிச்சமும் இருட்டும் மட்டும் தெரிகின்றன. ஆய்வுகூடத்தில் அந்தக் கலங்களை வளர்க்க முயல்வதைப் பற்றி டொக்டர் அவருக்குத் தொலைபேசியில் சொல்வார். இரத்தம் கொடுக்கத் தயங்கும் குடும்பங்களிடம் போகும்போது அண்ணனைத்தான் கூப்பிடுகிறார். போன கிழமை முள்ளிக்குளத்தில் அப்படியொரு வீட்டுக்குப் போய் வந்தோம். அந்த வீட்டுக்காரர்கள் யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்.