தர்மன் குடிக்கவில்லை

குன்னம் பக்கத்தில் ஒரு துணை சுகாதார நிலையத்தில் நர்ஸாக இருந்த பொன்னம்மாளுக்கு ஊரில் பெரிய மரியாதை. பிரசவம் நன்றாகப் பார்ப்பார், வலிக்காமல் ஊசி போடுவார் என்பதெல்லாம் அப்புறம்தான். மரியாதை முதலில் அவருடைய மூக்குக்கு. "நர்சம்மா கிட்ட வந்தாங்கன்னா முந்தாநாள் குடிச்சது கூட தெரிஞ்சிரும்" என்று ஆண்கள் பேசிக்கொள்வார்கள். அரசாங்கம் சாராயக் கடைகளைத் திறந்துவிட்டிருந்த காலம் அது. தலைவலி மாத்திரை கேட்டு வருகிறவன் கூட வாயைப் பொத்திக்கொண்டு தள்ளியே நிற்பான். அதில் அவருக்கு உள்ளூரப் பெருமை.

அந்த மூக்கு சும்மா வந்ததில்லை. அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டிய கணவரோடு குடித்தனம் நடத்தியவர். கதவைத் திறக்கும்போதே, இன்றைக்கு அடி விழுமா விழாதா என்று வாடையை வைத்துத் தெரிந்துகொள்ளப் பழகியவர். ஒருநாள் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, படித்து, இந்த வேலைக்கு வந்தார். குடிகாரன் என்றாலே அவருக்கு அருவருப்பு. அது நியாயமான அருவருப்பு என்றுதான் நினைத்திருந்தார். ஊர்ப் பெண்களும் அப்படியே நினைத்தார்கள்.

இதையெல்லாம் அவர் சொல்லக் கேட்டவன் நான். எங்கே, எப்படிக் கேட்டேன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

எண்பத்திரண்டாம் வருஷத்து ஐப்பசி. பருத்தி காய் பிடித்திருந்தது, புழுவும் பிடித்திருந்தது. எந்தப் பருத்திக் கொல்லையைப் பார்த்தாலும் முதுகில் டேங்கைக் கட்டிக்கொண்டு யாராவது பூச்சிமருந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். தர்மன் கூலிக்கு மருந்தடிக்கிறவர். துண்டை மூக்குக்குக் குறுக்கே கட்டிக்கொண்டு காலையில் இறங்கினால், முடித்துவிட்டுத்தான் அவிழ்ப்பார். அந்தத் துண்டாலேயே வியர்வையைத் துடைப்பார், அதையே உதறித் தலையில் கட்டிக்கொள்வார். மருந்தடிக்கிற எல்லோரும் செய்வதுதான்.

அன்று ஊசி போடும் நாள். சுகாதார நிலைய வாசலில் பெண்கள் பிள்ளைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அதே ஊர்க்காரர் சாமிதுரையின் மாட்டு வண்டி வந்து நின்றது. சாமிதுரை, தர்மனை அக்குளில் கைகொடுத்துத் தூக்கி இறக்கினார். தர்மனுக்குக் கால் நிற்கவில்லை. வாயிலிருந்து எச்சில் ஒழுகி நெஞ்சு நனைந்திருந்தது. பின்னால் அவர் மனைவி வேம்பு ஓடி வந்தார்.

"கொல்லையில வுழுந்துட்டாருங்க நர்சம்மா. என்னான்னு பாருங்க."

பொன்னம்மாள் வாசல்படியை விட்டு இறங்கவில்லை. வாடை அதற்குள் அவரிடம் வந்து சேர்ந்துவிட்டது. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"இதுல பாக்கறதுக்கு என்ன இருக்கு? வாடைதான் வீசுதே. பட்டப்பகல்லயே ஏத்திக்கிட்டு வர்றவனுக்கெல்லாம் இங்க வைத்தியம் கெடையாது. பச்சப்புள்ளைங்க இருக்கற எடம். தூக்கிட்டுப் போங்க."

"அவரு குடிக்க மாட்டாருங்க."

"எல்லாப் பொண்டாட்டியும் இதத்தான் சொல்றா. நானும் சொன்னவதான்."

பெண்கள் சிரித்தார்கள். யாரும் கெட்டவர்கள் இல்லை. பாதிப் பேர் வீட்டில் அதே கூத்து நடந்துகொண்டிருந்தது. அதனால் அந்தச் சிரிப்பு கொஞ்சம் சத்தமாகவே வந்தது. வேம்பு தலையைக் குனிந்துகொண்டார்.

அந்த நேரம் லப்பைக்குடிக்காட்டிலிருந்து பெரம்பலூர் போகிற பஸ் எதிரே வந்து நின்றது, இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு போனது. பெரம்பலூரில் பெரிய ஆஸ்பத்திரி இருந்தது. பொன்னம்மாள் ஒரு கையைக் காட்டியிருந்தால் கண்டக்டர் நிறுத்தி வைத்திருப்பார். அந்த பஸ்ஸைத்தான் அவர் பிற்பாடு எத்தனையோ தடவை மனசுக்குள் நிறுத்திப் பார்த்தார்.

வண்டி திரும்பிப் போயிற்று. வீட்டில் தர்மனைப் படுக்க வைத்து மோர் கொடுத்தார்கள், இறங்கவில்லை. வேம்பு பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கழுத்தில் கிடந்த அந்தத் துண்டாலேயே எச்சிலைத் துடைத்தார். துடைக்கத் துடைக்க ஒழுகியது. துடைத்துக்கொண்டே திட்டினார். "இத்தினி பேரு முன்னாடி என் மானத்த வாங்கிட்டியே. இதுக்குத்தான் கூலிக்குப் போறேன்னு போனியா?" தர்மன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். வார்த்தை வரவில்லை. பொழுது சாய்வதற்குள் மூச்சு நின்றுவிட்டது.

குடித்துச் செத்தான் என்று ஊர் சொன்னது. வேம்பு அழுதபோதும் அவரைத் திட்டித்தான் அழுதார். அந்த வீட்டுப் பிள்ளைகளைக் குடிகாரன் பிள்ளைகள் என்றே கூப்பிட்டார்கள்.

மறுவருஷம் அரியலூரில் நர்ஸுகளுக்கும் சுகாதார ஆய்வாளர்களுக்கும் ஒரு பயிற்சி வைத்தார்கள். செய்யும் தொழிலால் வருகிற நோய்களை எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படி வராமல் தடுப்பது என்று பாடம். திருச்சியிலிருந்து ஒரு டாக்டரம்மா வந்திருந்தார். "யாரு வந்தாலும், என்ன வேலை செய்யறீங்கன்னு முதல்ல கேளுங்க. நாம கேக்கறதே இல்ல" என்று தொடங்கினார். கல் உடைக்கிறவனுக்கு இருமல் வந்தால் எல்லாமே காசநோய் இல்லை என்றார். பொன்னம்மாள் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். மத்தியானத்துக்கு மேல் பருத்திக்கு அடிக்கிற மருந்துக்கு வந்தார்கள்.

எச்சில் ஒழுகும், வேர்த்துக் கொட்டும், தசை துடிக்கும், கால் நிற்காது, கண்ணின் பாப்பா ஊசிமுனை அளவுக்குச் சுருங்கிவிடும் என்று டாக்டரம்மா சொன்னார். "பாத்தா குடிச்சவன் மாதிரியே இருக்கும். அப்படி நினைச்சுத் திருப்பி அனுப்பிடறாங்க. செய்ய வேண்டியது என்னன்னா, துணியெல்லாம் உடனே கழட்டுங்க. சோப்புப் போட்டு உடம்பக் கழுவுங்க. மருந்து ஊறின துண்டால தொடச்சா அது தோல் வழியா இன்னும் உள்ள போகும். கழுவிட்டு, கிடைச்ச வண்டியில பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க. மாற்று மருந்து அங்க இருக்கு. பிழைச்சுக்குவான்."

பிழைச்சுக்குவான் என்ற வார்த்தை பொன்னம்மாளை அடித்தது. தர்மனின் கண் எப்படி இருந்தது என்று நினைத்துப் பார்த்தார். நினைவில் இல்லை, ஏனென்றால் பார்க்கவே இல்லை. தொடை துடித்தது நினைவுக்கு வந்தது. போதை நடுக்கம் என்று அதையும் ஏளனமாகப் பார்த்தது நினைவுக்கு வந்தது. பக்கத்தில் இருந்தவர் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். பொன்னம்மாளுக்குத் தன் வெள்ளைச் சேலையைப் பார்க்கவே கூசியது. எழுந்து வெளியே போய்க் குழாயடியில் நின்றார். அழுகை வந்தால் தேவலை என்றிருந்தது. வந்ததெல்லாம் வெட்கம்தான்.

ஊர் திரும்பியதும் வேம்புவைத் தேடிப் போனார். வேம்பு ஒரு களத்தில் தனியாக உட்கார்ந்து சின்ன வெங்காயத்தின் காய்ந்த தாளை அரிந்துகொண்டிருந்தார். பொன்னம்மாள் எதிரே தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். தர்மன் குடிக்கவில்லை, மருந்துதான் கொன்றது, தப்பு என்னுடையது என்றார். துண்டைப் பற்றி மட்டும் சொல்லவில்லை; வேம்பு அதாலேயே துடைத்திருப்பாரோ என்று பயம். வேம்புவின் அரிவாள்மணை நிற்கவே இல்லை.

கடைசியில் வேம்பு கேட்டார். "அன்னிக்கு வாசல்ல எத்தினி பேரு இருந்தாங்க நர்சம்மா?"

"ஊசிக்கு வந்தவங்க எல்லாரும் இருந்தாங்க."

"இப்ப இங்க நாம ரெண்டு பேருதான இருக்கோம்."

பொன்னம்மாள் எழுந்து வந்துவிட்டார். அன்றும் மறுநாளும், மாற்றல் கேட்டு எங்காவது போய்விடலாமா என்றுதான் யோசித்தாராம். அதை எங்களிடம் சொன்னபோதும் அவர் குரல் இறங்கியது.

அடுத்த ஊசி நாளில் வேம்புவை வரச் சொல்லி ஆள் அனுப்பினார். வாசல் நிறையப் பெண்கள், எதிரே டீக்கடையில் ஆண்கள். அதே படியில் நின்றுகொண்டு, "போன வருஷம் இங்க ஒருத்தர தூக்கிட்டு வந்தாங்க" என்று தொடங்கினார்.

"பேரச் சொல்லுங்க" என்றார் வேம்பு.

"தர்மன்." பொன்னம்மாள் படியை விட்டு இறங்கித் தரையில் நின்றார். "தர்மன் குடிக்கல. மருந்தடிச்சதுல வந்த வெஷம். நான் கிட்ட போயி கண்ணக்கூட பாக்கல. குடிகாரன்னு சொல்லித் தொரத்தினேன். அந்த பஸ்ஸுல ஏத்திவிட்டிருந்தா இன்னிக்கு இருந்திருப்பாரு."

ஒருத்திக்கு மட்டும் சமாதானம் ஆகவில்லை. "அன்னிக்கு வாடை அடிச்சுதேம்மா. எனக்கே அடிச்சுது" என்றாள்.

டீக்கடைப் பக்கமிருந்து சாமிதுரை வந்தார். துண்டை இடுப்பில் கட்டியிருந்தார். "அது எம்மேல அடிச்ச வாடைங்க. நாந்தான் குடிச்சிருந்தேன். அவர அணைச்சுப் புடிச்சிருந்தேன்ல. அப்ப வாயத் தொறந்தா நர்சம்மா என்னைய வைவாங்களேன்னு பேசாம நின்னுட்டேன்."

ஊரே மதித்த மூக்கு, குடித்தவன் பக்கத்தில் நிற்கக் குடிக்காதவரைப் பிடித்திருக்கிறது. பொன்னம்மாள் சாமிதுரையைக் கோபிக்கவில்லை. கோபிக்கிற தகுதி தனக்கில்லை என்று தெரிந்திருந்தது. மருந்தடிக்கிறவர் விழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்லத் தொடங்கினார். துணியைக் கழட்ட வேண்டும், சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், துண்டால் துடைக்கக் கூடாது. இதைச் சொல்லாமல் விட்டால் நாளைக்கு இன்னொருவர் சாவார். சொன்னால் அது வேம்புவின் காதிலும் விழும். சொன்னார்.

வேம்பு பெண்களை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

"நான் அந்தத் துண்டாலதாங்க தொடச்சேன். தொடச்சுக்கிட்டே இருந்தேன். திட்டிக்கிட்டே தொடச்சேன்."

அதனால் ஒன்றும் ஆகியிருக்காது என்று சொல்லிவிடப் பொன்னம்மாளுக்கு நாக்கு வரை வந்ததாம். அங்கே இருந்த எல்லோரும் அதைத்தான் எதிர்பார்த்தார்கள்.

"தொடைக்காதே, கழுவுன்னு ஒங்களுக்குச் சொல்ல வேண்டிய ஆளு நாந்தான். நான் சொல்லல. திட்ட வச்சதும் நாந்தான்" என்றார் பொன்னம்மாள். ஊர்க்காரர்கள் முன்னால் வேம்புவை அவர் 'நீங்க' என்றது அன்றுதான்.

வேம்பு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். வீட்டிலிருந்து அழுகைச் சத்தம் வந்தது. அதில் திட்டு இல்லை. அன்று சிரித்த பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து, பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டே அந்த வீட்டுக்குப் போய்க் கட்டிப்பிடித்து அழுதார்கள். ஒரு வருஷம் பிந்திய துக்கம். பொன்னம்மாள் மட்டும் போகவில்லை. எந்த முகத்தோடு போவது?

நான் சுகாதார ஆய்வாளராகச் சேர்ந்த வருஷம் எண்பத்தெட்டு. எங்களுக்குப் பெரம்பலூரில் பயிற்சி. மருந்தடிப்பவர்களைப் பற்றிப் பாடம் நடத்த பொன்னம்மாளை அழைத்திருந்தார்கள். வந்ததும் கரும்பலகையில் தர்மன் என்று எழுதிவிட்டு, அந்த மருந்து பட்டவன் எப்படித் தள்ளாடுவான், எப்படி எச்சில் ஒழுகும் என்று நடித்துக் காட்டினார். நாங்கள் சிரித்துவிட்டோம். நானும் சிரித்தேன். அவர் காத்திருந்தார்.

"சிரிச்சாச்சா? அன்னிக்கும் சிரிச்சாங்க" என்றுவிட்டுத்தான் இதைச் சொன்னார். தர்மனையும் வேம்புவையும் அவர் 'அவர்' என்றே சொன்னார். நானும் அப்படியே எழுதியிருக்கிறேன். சொல்லி முடித்தபோது எங்களில் ஒருவரும் நிமிரவில்லை.

பிறகு யாரோ கேட்டார்கள். "அந்தம்மா உங்கள மன்னிச்சுட்டாங்களாம்மா?"

"நான் கேக்கல" என்றார். "வழியில பாத்தா அவங்க நின்னு, சாப்பிட்டீங்களான்னு கேக்கறாங்க. என்னாலதான் அவங்க கண்ண இன்னும் பாக்க முடியல."

கரும்பலகையைத் துடைக்க ஒருவர் எழுந்தார். பொன்னம்மாள் அவரை உட்காரச் சொல்லிவிட்டு, அந்தப் பெயருக்குக் கீழே பாடத்தை எழுதத் தொடங்கினார்.