படத்தில் உள்ள சங்கிலி

பெர்மாஸ் ஜெயாவில் அப்பா வீட்டு வரவேற்பறையில் என் பூப்பு நீராட்டு விழாப் படம் இன்னும் தொங்குகிறது. பட்டுச்சேலையில் நான், கழுத்தில் தடித்த தங்கச் சங்கிலி, பக்கத்தில் சிரித்த முகமாக அம்மா. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவர்கள் பிரிந்தபோது நான் கைக்குழந்தை. அப்பா லாரியில் உதவியாளாக இருந்தார். அந்தச் சம்பளத்தைப் பார்த்துத்தான் நீதிமன்றம் எனக்கு மாதப் பராமரிப்புத் தொகையை நிர்ணயித்தது. பிறகு அவர் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனார், வீடு வாங்கினார், கார் மாற்றினார். என் தொகை மட்டும் அப்படியே இருந்தது. கோர்ட் ஒருமுறை சொன்னால் சொன்னதுதான் என்று அம்மா நம்பியிருந்தார். மாசாயில் அவர் வேலை பார்த்த தொழிற்சாலையில் முதுகு வலி வந்து, ஓவர்டைம் நின்று, என் டியூஷனையும் நிறுத்திய பிறகுதான், நிலைமை மாறினால் தொகையை மாற்றித் தரக் கேட்கலாம் என்று கூட வேலை செய்தவர் ஒருவர் சொன்னார். அம்மா மனுப் போட்டார்.

விசாரணையில் அப்பாவின் வக்கீல் அந்தப் படத்தை நீட்டினார். மண்டபம் பிடித்து, தங்கம் போட்டு மகளுக்குச் செய்கிற தகப்பனிடம் இன்னும் என்ன கேட்கிறார்கள் என்றார். அந்த விழாவே வேண்டாம் என்று மறுத்தவர் அம்மா. அப்பாவின் அக்கா, என் அத்தை, வீடு தேடி வந்து, "அப்பன் இருந்தும் புள்ளைக்குச் சடங்கு செய்யலன்னு ஊரு பேசும் லா" என்று கரைத்ததில்தான் இறங்கிப்போனார். ஊர் வாய்க்குப் பயந்து சிரித்த சிரிப்பை அவருக்கு எதிராகவே சாட்சியாக்கினார்கள். என்ன அநியாயம்!

அம்மா எழுந்து நீதிபதியிடம் சொன்னார். "துவான், அந்தச் சங்கிலி இவரு அக்காவோடது. படம் புடிச்சு முடிஞ்சதும் மண்டபத்துலயே கழட்டிக்கிட்டாங்க. சடங்கு ஒரு நாளு. புள்ள தினமும் சாப்பிடணும், படிக்கணும்." மொழிபெயர்ப்பாளர் அதை மலாயில் சொல்லி முடிக்கும்வரை அப்பா தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தொகை உயர்ந்தது. நான் டியூஷனுக்குத் திரும்பினேன். ஆனால் சொந்தக்காரர்கள் அம்மாவைத்தான் ஏசினார்கள். "இவ்வளவு செஞ்ச மனுஷன கோர்ட்டுக்கு இழுத்துட்டாளே!" அம்மா கண்ணை மூடும்வரை அந்தப் பேச்சு ஓயவில்லை. செய்தது யார், செய்யாதது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

போன தீபாவளிக்கு அப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். வந்தவர்களுக்கு அவர் படத்தைக் காட்டி, "என் மகளுக்கு எப்படிச் செஞ்சேன் பாருங்க" என்றார். அந்த நேரம் பார்த்து அத்தை முறுக்குத் தட்டோடு வந்தார்.

நான் அத்தையின் கழுத்தைக் காட்டினேன். "படத்துல இருக்கிற சங்கிலி இதாங்க. நல்லா பாத்துக்குங்க."